வெனிங் கேட்ட கேள்வி

சுரபாயா துறைமுக நகரில், இணையதளம் கட்டித் தரும் ஓர் அலுவலகத்தில் நானும் வெனிங்கும் வேலை பார்த்தோம். ஒரு கப்பல் கம்பெனியின் இணையதளம் எங்கள் பொறுப்பு. தீவுகளைப் பற்றிய கட்டுரைகளுக்குள்ளேயே கப்பல் நேரத்தையும் தட்டச்சு செய்து வைப்பதுதான் அங்கே வழக்கம்.

வெனிங் தளத்தின் அமைப்பை ஒரு படமாக வரைந்து மேலாளர் சுபாக்யோவிடம் கொண்டுபோனாள். பெரியவர்களை அங்கே 'பாக்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம்.

"பாக், கட்டுரை வேற, நேரம் வேற. நேரத்தைத் தனிப் பட்டியல்ல ஒரு தடவை வெச்சா, எல்லாப் பக்கமும் அங்கேருந்தே எடுத்துக்கும்."

"கட்டுரை எழுதுற வேலையை மட்டும் பாரும்மா. ரொம்ப யோசிச்சா முடி கொட்டிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மழைக்காலத்தில் ஒன்பது மணிக் கப்பல் ஏழு மணிக்கு மாறியது. இருநூற்றுப் பதின்மூன்று பக்கங்களைக் கையால் திருத்தினோம். ஒன்று விட்டுப்போயிற்று. அதைப் பார்த்து வந்த ஒரு குடும்பம், தகப்பனின் அடக்கத்துக்கு பாவேயன் தீவு போக முடியாமல் துறைமுகத்திலேயே நின்றது. அடுத்த கப்பல் இரண்டு நாள் கழித்து.

"இவதான் கவனிக்காம விட்டுட்டா" என்று முதலாளி முன் சுபாக்யோ கைகாட்டினார். அன்றே வெனிங்கின் வேலை போயிற்று. விட்டுப்போன பக்கம் நான் திருத்த வேண்டிய பங்கில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து வேறொரு கப்பல் கம்பெனி புது இணையதளம் கட்ட ஆள் தேடியது. தேர்வுக் குழுவில் வெனிங். விளக்கம் சொல்லப் போனவர்கள் சுபாக்யோவும் நானும். அவர் திரையில் போட்டது வெனிங் அன்று வரைந்த அதே படம், கீழே தன் பெயருடன்.

அவள் முகம் மாறவில்லை. "நல்ல படம், பாக். ஒரு சந்தேகம். கடல் கொந்தளிப்பு, இன்னைக்குக் கப்பல் இல்லைன்னு ஒரு அறிவிப்பு. அது கட்டுரையில போற எழுத்தா, பட்டியல்ல போற தகவலா?"

"வாக்கியமா இருக்கே. எழுத்துதான்."

"அப்போ டிக்கெட் விக்கிற பக்கத்துக்கு அது எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு வித்துக்கிட்டே இருக்குமே."

அவர் என்னைப் பார்த்தார். 'கப்பல் இல்லை' என்பது தகவல், காரணம் சொல்வது எழுத்து, இரண்டையும் பிரிக்க வேண்டும். எனக்குத் தெரியும். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவசரமில்ல பாக். யோசிங்க. முடி கொட்டாது."

ஒப்பந்தம் கைவிட்டுப்போனது. 'தான் போட்ட படத்தையே விளக்கத் தெரியாதவர்' என்று குறிப்பில் எழுதி, எங்கள் முதலாளிக்கும் ஒரு நகல் அனுப்பினாள். அந்த மாதமே சுபாக்யோவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மதியம், ராவோன் என்ற கறிக்குழம்பும் சோறும் விற்கும் கடையில் அவளைப் பார்த்தேன். "அவருக்கு ரெண்டு பசங்க படிக்கிறாங்க வெனிங்" என்றேன்.

"தெரியும். எனக்கும் அப்போ கைக்குழந்தை." சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டாள். "அந்தப் பக்கம் உன்னோடதுன்னும் தெரியும். உன் முறை இன்னும் வரல. சாப்பிடு."




நான் சாப்பிட்டேன்.