பயான் பென்னில் வந்தது

கல்முனைக்குடியில கம்பியூட்டர் திருத்துற கடை வெச்சிரிக்கிற எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் கூடத்தான். வைரஸ் ஏறின விண்டோஸ் மெஷின ஆரும் தூக்கிட்டு வந்தா, ஒரு பாட்டம் ஏசாமத் திருத்த மாட்டன். "என்ட மெஷினப் பாருங்க, லினக்ஸ். இத்தின வருசமா ஒரு தும்மல் கூட இல்ல" எண்டு சொல்லுவன். அதில எனக்கொரு ருசி.

பொய்யுமில்ல. விண்டோஸுக்கெண்டு எழுதின வைரஸ் லினக்ஸில ஓடாது, சும்மா கிடக்கும். ஊரில முக்காவாசி மெஷின் விண்டோஸ்தானே, வைரஸ் எழுதுற நாசமாப் போவானும் கூட்டம் இரிக்கிற இடத்தப் பாத்துத்தான் எழுதுறான்.

நோன்பு வர முந்தி எங்கட பக்கம் பயான் பென் ஒண்டு சுத்தும். மார்க்கப் பேச்செல்லாம் கொப்பி பண்ணின பென் டிரைவ். சொந்தக்காரர் வீடு வீடாப் போகும். வேற பென் எண்டா ஸ்கேன் பண்ணித் தரச் சொல்லுற ஆக்களும் பயான் பென்ன அப்படியே கம்பியூட்டரில குத்துவாங்க. மார்க்கம் இரிக்கிற சாமானில என்ன அழுக்கு வரப்போகுது எண்ட நினைப்பு.

போன வருசம் அது என்ட கைக்கு வந்திச்சு. குத்திப் பாத்தா, 'புதிய பயான்' எண்டு ஒரு ஃபோல்டர். பேருக்குக் கடைசியில .exe எண்டு இரிந்ததால பாத்ததும் விளங்கிட்டு: ஃபோல்டர் வேசம் போட்ட வைரஸ். விண்டோஸில ஆரும் திறந்தா அவ்வளவுதான். அழிக்க ரெண்டு செக்கன் போகாது. நான் அழிக்கல்ல. பட்டாத்தான் இவனுகளுக்குப் புத்தி வரும் எண்டு நினைச்சன். ஓம், அப்படியேதான் நினைச்சன். எனக்கு வேணுமான பயான எடுத்துட்டு, பென்ன ஃபிரிட்ஜுக்கு மேல வெச்சிட்டுக் கடைக்குப் போயிட்டன்.

என்ட பொண்டாட்டி, விசயம் தெரியாம, அத என்ட கூடப் பொறந்த ராத்தாக்கிட்டக் குடுத்திட்டா.

ராத்தாட ஒரே மகள் ஒம்பது வயசில டெங்கு வந்து மவுத்தானவ. பழைய போன் கிணத்தில விழுந்து பழுதானதால, புள்ளைட வீடியோ எல்லாம் ராத்தாட கம்பியூட்டரில மட்டும்தான் இரிந்திச்சு. ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதிட்டு ஒண்டத் திறந்து பாப்பா. பல்லு விழுந்த வாயால குல்ஹுவல்லாஹு ஓதக்குள்ள, நடுவில மறந்து புள்ள சிரிக்கிற வீடியோ.

பென் போன அண்டைக்கு ராத்தா கோல் எடுத்தா. "தம்பி, புள்ளைட வீடியோ ஒண்டும் திறக்குதில்லடா. இங்கிலீஸில சிவப்பா என்னவோ வந்திரிக்கி."

ஓடினன். அந்த வைரஸ் எல்லா ஃபைலையும் பூட்டிப் போட்டு, திறக்கக் காசு கேட்டிரிந்திச்சு. மூணு நாள் சோறு தண்ணி இல்லாமக் குந்தியிரிந்து பாத்தன், எனக்குத் தெரிஞ்ச வித்தை எல்லாம் செஞ்சன். ஒரு வீடியோ கூட வரல்ல. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும் எண்டு ஊரானுக்கு எத்தின தரம் சொல்லியிரிப்பன், சீ!

"தொழப் போற மாதிரி ஒளு எடுத்துட்டு வந்துதாண்டா அந்தப் பென்னக் குத்தின" எண்டா ராத்தா. தன்னிலதான் பிழை எண்டு நினைச்சிட்டா.

பிறகு கேட்டா, "உன்ட மெஷினிலயும் அதக் குத்தினயா?"

"ஓம் ராத்தா."

"அதுக்கு ஒண்டும் ஆகல்லையே?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" எண்டு முக்காட்டால கண்ணத் துடைச்சா. "நீயாவது தப்பிட்டாய், மனே."

வைரஸப் பாத்தும் அழிக்காம விட்டத ராத்தாக்கிட்ட இன்னும் சொல்லல்ல.