அளவெடுத்த வாத்தியார்

மலைக்கு மேலே பெரிய அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவே ஒரு சிற்றூரில் நான் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தேன். எண்சுவடியிலிருந்து நான் ஒரு வரி வாய்ப்பாடு சொல்ல, முப்பது பிள்ளைகள் கத்தித் திருப்பிச் சொல்வார்கள். சத்தம் வயக்காடு வரை கேட்கும். கேட்டால்தான் பெற்றவர்களுக்கும் திருப்தி. என் மகள் மட்டும் எப்போதும் ஒரு வரி பின்தங்குவாள், இல்லாவிட்டால் சொல்லாததைச் சொல்வாள். மற்றவர்களுக்கு ஒரு அடி என்றால் அவளுக்கு நாலு. வாத்தியார் மகள் மக்கு என்று ஊர் சிரித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்த வருஷம் மதுரையில் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து ஊரின் மறுகோடியில் புதுப் பள்ளிக்கூடம் திறந்தார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கூட்டமாகக் கத்துவது படிப்பே இல்லை, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. என் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். "இங்கன அடி வாங்கிச் சாகுறதுக்கு அங்கனயாச்சும் போகட்டும்" என்று என் மனைவி மகளையும் அனுப்பிவிட்டாள். எனக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து சத்தமே வரவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம். ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையாகச் சுவரில் சாய்த்து நிறுத்திக் கயிறு வைத்து அளந்தார். பிறகு பின்னால் போய், காதோரம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். முதலில் ஒரு காது, அப்புறம் மறு காது. உடனே நோட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் பக்கம் ஆளைக் கயிறு வைத்து அளப்பது செத்தவருக்குக் குழி வெட்டத்தான்.

பார்த்தது நான் மட்டுமல்ல. நாலே நாளில் ஊர் முழுக்க அதே பேச்சு. "அணை நிக்க மாட்டேங்குதாம்ல. பச்சப்பிள்ள காவு கேக்குதாம். அதான் அளந்து, காதுல மந்திரம் ஓதி, பேரெழுதுறாக!"

ஒருத்தி என்னிடமே வந்தாள். "வாத்தியாரய்யா, நீங்க படிச்சவுக. பள்ளிக்கூடத்துல இதெல்லாம் செய்றதுதானா?"

காவு என்பதை நான் நம்பவில்லை. ஆனாலும், "நான் கேள்விப்பட்டதில்ல ஆத்தா" என்றேன். அது பொய்யில்லை. என்ன நினைத்துச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை கம்பும் அரிவாளுமாக இருபது பேர் அங்கே போய்விட்டார்கள். கேள்விப்பட்டதும் பதறிப்போய் ஓடினேன். அந்த மனிதரைச் சுவரோடு நெருக்கிப் பிடித்திருந்தார்கள். வேட்டி கிழிந்து, உதட்டில் ரத்தம். "நோட்டைப் பாருங்க, நோட்டைப் பாருங்க" என்பதைத் தவிர அவருக்குப் பேச்சு வரவில்லை. கூட்டத்தில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. நோட்டை என் கையில் திணித்தார்கள்.

"சத்தமா வாசிங்கய்யா. காவுன்னு இருந்துச்சுன்னா, இங்கனயே முடிச்சுப்புடுவோம்."

பிள்ளைகளின் பெயர், உயரம், பக்கத்தில் ஒரு குறிப்பு. 'குட்டை. கரும்பலகை தெரிய முன்வரிசை.' 'தூரத்து எழுத்துத் தெரியவில்லை.' வாசிக்க வாசிக்க ஓங்கிய கம்புகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. என் மகள் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன். அந்த வரியை விட்டுவிட்டு மேலே போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"ஏன் நிறுத்திட்டீக? என்ன போட்டுருக்கு?" என்று ஒருவர் மறுபடியும் அரிவாளைத் தூக்கினார்.

வாசித்தேன். 'வலது காது கேட்கவில்லை. கூட்டச் சத்தத்தில் எதுவும் விளங்காது. மக்கு இல்லை. இடப்பக்கம் நின்று மெல்லச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறாள்.'

"அடப்பாவமே, அதுக்கா அந்தப் பிள்ளைய அந்த அடி அடிச்சீக?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. அந்த வாத்தியாரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

அன்று மாலை மகளின் இடப்பக்கம் போய் உட்கார்ந்து மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தடவையிலேயே திரும்பினாள். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை நீட்டினாள்.

இத்தனை வருஷம் வாத்தியார் என்று பேர் வாங்கியிருந்தும், பெற்ற மகளுக்கு எது கேட்கும், எது கேட்காது என்று ஒருநாளும் பார்க்காத என்னைத்தான் அன்றைக்கு ஊர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.