டிக்கியில நாலு பேட்டரி

எங்க வீட்டுக்காரர் லூயிஸுக்குத் தொழில், செத்தவங்களைக் கெடாம வெச்சிருக்கறது. சொன்னா முகம் சுளிப்பாங்க. சுளிக்கட்டும். நெல்லித்தோப்புல ஒரு சாவுன்னா மொதல்ல அழுகை, அடுத்தது எங்க வீட்டுக்குப் போன். ஐஸ் பொட்டி வாடகைக்கு விடுறது நாங்கதான். வேற ஊர்ல பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவாங்க. இங்க பாதி புள்ளைங்க பிரான்சுல. அதுங்க ஏரோப்ளேன் புடிச்சு வந்து முகம் பாக்குற வரைக்கும் பொணம் காத்திருக்கணும். எங்க மகன் ஜெஸ்வினும் பாரிஸுல ஓட்டல் வேலைலதான் இருக்கான்.

பெஞ்சல் புயலப்போ சாரத்துல ஒரு கெழவி வீட்ல ரெண்டு நாள் கரண்டு இல்ல. பொட்டி நின்னு போச்சு. மகன் வந்து எறங்குறதுக்குள்ள அந்தம்மா முகத்தை மூட வேண்டியதாயிருச்சு. அந்த மகன் திட்டல, சட்டையப் புடிக்கல. "ஒரு வாட்டி பாத்திருக்கலாமே அண்ணே"ன்னு மட்டும் கேட்டாரு. எங்காளு அன்னைக்குச் சோத்துல கைய வெச்சுட்டு அப்படியே ஒக்காந்திருந்தாரு. மறுவாரமே எங்க பழைய கார் டிக்கியில நாலு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். சாவு வீட்டு வாசல்ல காரை நிறுத்தி, ஜன்னல் வழியா ஒயரை இழுத்துப் பொட்டிக்குக் குடுத்துருவாரு.

வந்தது வினை. பொங்கல் முடிஞ்ச மறுவாரம், சுவிட்சு அணைச்சு வெச்சிருக்கறப்பவே, டிக்கிக்குள்ள இன்வெர்ட்டர் மூணு தடவை கீச்சுன்னு கத்துச்சு. ஒரு மணி நேரத்துல போன். பக்கத்துத் தெரு ராஜாங்கம் போயிட்டாராம். சரி, என்னமோன்னு விட்டேன். பத்து நாள் கழிச்சு மறுபடியும் மூணு சத்தம். தையல்கார சந்திரகலா. மூணாவது வாட்டி சத்தம் கேட்ட ஒடனே நான் செபமாலையக் கையில எடுத்துட்டேன். போன் வராம இல்ல.

"இன்னாங்க, அந்தச் சனியனை வித்துத் தொலைங்க. சாவை மோப்பம் புடிக்குது."

"போடி பைத்தியம். பேட்டரி ஆடுது, ஒயர் லூசாயி கத்துது. ஆடாம நிறுத்திட்டா வாய மூடிக்கும்"ன்னாரு. ஆனா அவருக்கும் பயந்தான். முப்பது வருஷம் கூடக் குப்பை கொட்டினவளுக்குத் தெரியாதா?

கோடி வீட்டு சிந்துஜா 3டி பிரிண்டர் வெச்சு சாமி பொம்மை, சாவிக்கொத்தெல்லாம் போட்டு விக்கிறா. பேட்டரி ஆடாம ஒக்கார தாங்கி வேணும்னு, அவகிட்ட அட்டையில அளவு வெட்டிக்கிட்டுப் போய் நின்னாரு. மொதல்ல வந்த தாங்கி ஒரு நூல் பெருசு. பேட்டரி லேசா ஆடுச்சு. தூக்கிப் போட்டாரு. அடுத்தது கெட்டியாக் கவ்வுச்சு. நாலு பேட்டரிக்கு நாலு கருப்புத் தாங்கி, பலகையோட போல்ட்டு, மேல பெல்ட்டு, ஒயரெல்லாம் வரிசையா. பேட்டரி மேல முக்கா டம்ளர் தண்ணி வெச்சு, டிக்கிய மூடி, பெரிய மார்க்கெட் வரைக்கும் மேடு பள்ளமெல்லாம் ஓட்டிட்டு வந்தாரு. தொறந்தா ஒரு சொட்டு சிந்தல. வாரம் ஒரு தரம் இந்தக் கூத்து.

அஞ்சு மாசம் சத்தமே இல்ல. சாவு வந்துச்சு, போச்சு, இன்வெர்ட்டர் மூச்சு விடல. நானும் நம்பிட்டேன்.

அப்புறம் ஒரு செவ்வாக்கெழமை காலைல மீன் ஆஞ்சிட்டிருக்கேன், வாசல்ல மூணு சத்தம். கையிலிருந்து கத்தி விழுந்துச்சு. மாதாவே, இந்த வாட்டி யாரு? எங்க ஊருக்காரங்க புத்தி, சாவுன்னாலே கடல் தாண்டித்தான் ஓடும். பாரிஸுக்குப் போன் போட்டேன். அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல. நாலாவது வாட்டி எடுத்தான்.

"இன்னாம்மா, இங்க மணி நாலரை!"

"உசுரோட இருக்கியாடா?"

"இல்லாமயா பேசுறேன்?"

"நாயே, மொதல்லயே எடுத்தா இன்னா?" அழுதுக்கிட்டே திட்டித் தீத்தேன். அடுத்தது வில்லியனூர்ல இருக்கிற தங்கச்சி. அவளும் நல்லாத்தான் இருந்தா. அரை மணி போயிருச்சு. மனசு லேசாயி, "இன்னாங்க, நீங்க சொன்னதுதான், வெறும் ஒயர்தான்"ன்னு சிரிச்சுக்கிட்டே வாசலுக்குப் போனேன்.

டிக்கி தொறந்திருந்துச்சு. அவரு பாதி உள்ள குனிஞ்சு கெடந்தாரு. ஒரு கை தாங்கியப் புடிச்சிருந்துச்சு. "கேக்கலையா?"ன்னு தோளத் தொட்டேன். வேர்த்துச் சில்லுன்னு இருந்துச்சு. பேட்டரி மேல டம்ளர் அப்படியே நின்னுச்சு, ஒரு சொட்டு சிந்தல.

நெஞ்சடைப்பாம். அரை மணி முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்னாரு டாக்டர்.

அவரு பொட்டியில அவரையே வெச்சோம். ரெண்டாம் நாள் கரண்டு போச்சு. நாலு பேட்டரியும் ஆடாம அசையாம ராவெல்லாம் இழுத்துச்சு. ஜெஸ்வின் வந்து அப்பன் முகத்தை முழுசாப் பாத்தான்.

"தூங்குற மாரி இருக்காரும்மா"ன்னான்.

பாரிஸுல இருக்கறவனைக் கேட்டேன், வில்லியனூர்ல இருக்கறவளைக் கேட்டேன். பத்தடி தள்ளி நின்ன மனுஷனுக்கு ஒரு கொரல் குடுக்கலையே, பாவி நான்.

ஜெஸ்வின் திரும்பிப் போயிட்டான். கார் வாசல்லதான் நிக்குது. இனிமே சத்தம் கேட்டா மொதல்ல வீட்ல இருக்கறவங்களத்தான் பாப்பேன். வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்.