தனி வாளி கேட்ட கேள்வி

ஈப்போவிலிருந்து பீடோர் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், களைக்கொல்லி கம்பெனியில் ரசாயன ஆய்வாளராம். பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டையில் துடைப்பார். என் கணவர் தோட்டத்தில் புல்லு மருந்து அடிப்பவர். அவர் சட்டையையும் குழந்தைத் துணியையும் ஒரே வாளியில் துவைக்கலாமா என்று கேட்டேன்.

ஆய்வாளர் முகம் மலர்ந்தது. புல்லைப் போலவே வெயிலைக் கொண்டு உயிர்வாழும் ஒரு பாக்டீரியாவின் என்சைமைப் படிகமாக்கி, மருந்து அதற்குள் எங்கே உட்காருகிறது என்று வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்களாம். சட்டென்று என் மடியிலிருந்த மகளின் வாயிலிருந்து ரப்பர் சூப்பானைப் பிடுங்கினார்.

"இதான் மருந்து. பாப்பா வாய்தான் என்சைம். இது உள்ள இருந்தா பால் போகுமா? அதே மாதிரிதான், புல்லு பட்டினியில செத்துரும்லா!"

குழந்தை வீறிட்டது. அவர் கை பட்ட சூப்பானை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

"துணி, சார்?"

"நாம என்ன வெயில தின்னா வாழறோம், தங்கச்சி? நமக்கு அந்த என்சைமே இல்ல."

"அப்ப ஒன்னா துவைக்கலாமா?"

கண்ணாடியைத் துடைத்தார். "அது... நான் சோதிச்சுப் பார்த்ததில்லலா."

தாப்பாவில் இறங்கியவர், ஜன்னலருகே ஓடி வந்து, "தனியாவே துவைங்க!" என்று கத்தினார். தெரிந்து சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.