சூடு போதாத கண்ணாடிகள்

இயற்பியல் பட்டம் முடித்த எனக்குக் கிடைத்த வேலை, கண்ணாடியைத் துணியால் தேய்ப்பது. தொண்ணூறுகளில் அமரவிளையில், கைக்கடிகாரத்துக்கும் கால்குலேட்டருக்கும் எண் காட்டும் திரை செய்கிற சிறிய கம்பெனி ஒன்று இருந்தது. சேர்ந்த அன்றே என் அசல் சான்றிதழ்களை மேனேஜர் வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்று வருடம் முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

தூசி விழக்கூடாதென்று நாங்கள் இருந்த அறைக்கு ஜன்னலோ மின்விசிறியோ வைக்கவில்லை. பாலிமர் பூசி ஓவனில் சுட்டெடுத்த கண்ணாடியை வெல்வெட் துணியால் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். தேய்த்த திசையில்தான் பிறகு நிரப்பும் திரவப் படிகம் வரிசையாகப் படுக்கும். பிசகினால் திரையில் திட்டு விழும்.

இரண்டாம் வருடம் எனக்கு பி.எட். படிக்க இடம் கிடைத்தது. அசல் சான்றிதழ் இல்லாமல் சேர முடியாது. அந்த வாரம் பார்த்துத் திரைகளில் திட்டுகள் வர ஆரம்பித்தன.

“ஒனக்க கைதான் காரணம்,” என்றார் மேனேஜர். “மொதல்ல இத சரியாக்கு. பெறவு சர்ட்டிபிக்கேட்டப் பற்றிப் பேசலாம்.”

ஒவ்வொரு கண்ணாடித் தட்டும் எத்தனை மணிக்கு ஓவனுக்குள் போனது என்று எழுதிவைத்தேன். காலையில் சுட்டவை நன்றாக இருந்தன. சாயங்காலம் சுட்டவைதான் கெட்டன. ஓவனைக் கவனிக்கும் அக்காவிடம் கேட்டேன்.

“அந்தியானா கறண்டு மங்கும் மக்கா. சூடு காட்டுற முள்ளு மேல ஏறவே செய்யாது.”

“மேனேஜர்கிட்ட சொல்லல்லியா?”

“சொன்னா மெஷின நான் கெடுத்தேன்னு சொல்லுவாரு.”

சூடு போதாமல் பாலிமர் இறுகவில்லை. வெல்வெட் பட்டதும் அது பிய்ந்து போயிருக்கிறது. மேனேஜரிடம் சொன்னேன். சுடுகிற வேலையை விடியற்காலைக்கு மாற்றினார். நான்கே நாளில் திட்டு நின்றது.

சேர்க்கைக்குக் கடைசி நாளன்று அவர் முன்னால் போய் நின்றேன். அவர் சந்தோஷமாகச் சிரித்தார்.

“நீ இல்லாம இங்க ஒண்ணும் நடக்காதாக்கும். ஒன்ன எப்பிடி விட?”

அலமாரி அவருக்குப் பின்னால்தான் இருந்தது. நான் ஏன் சத்தம் போடவில்லை என்று இன்றும் தெரியவில்லை. முடி விழாமலிருக்கப் போடும் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய், வேலை முடியும் வரை தேய்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, “கிட்டிச்சா?” என்றார். இல்லையென்று தலையசைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

பி.எட். அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் படித்தேன். ஆனால் அந்த நாட்களை நினைத்தால் அக்காவின் முகம்தான் முதலில் வருகிறது. சுடும் நேரம் மாறிய முதல் நாள், கோட்டுகாலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, என் பக்கம் திரும்பாமலே ஓவனைப் போட்டாள்.

“நீ கண்டுபிடிச்சதுனால நான் வெளுப்பாங்காலம் நாலு மணிக்கு எழும்பணும்,” என்றாள்.