கொப்பியில் நான்கு பேர்

பிற்பகல் இரண்டு நாற்பது. முதலில் கண்டது, வேன் கண்ணாடிக்கு வெளியே ஒரு சிப்பாய் தூக்கிப் பிடித்த நான்கு விரல்களை.

பேய், ஆவி என்று யாராவது கதை கொண்டுவந்தால் ஊர், பேர், சாட்சி கேட்டுத் துரத்துகிறவன் நான். கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கற்பிட்டிப் பக்கத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த காலம், யுத்தமும் நடந்துகொண்டிருந்தது. நீங்களும் சாட்சி கேட்பீர்கள், கேளுங்கள். வேனில் இருந்தது மூன்று பேர். நான், என் மனைவி ரீட்டா, வேன் ஓட்டிய அயல்வீட்டு நஸீர் நானா.

ஏன் அந்த நேரத்தில் வீதியில் இருந்தோம் என்பதில் பேய் எதுவும் இல்லை, நான்தான் இருக்கிறேன். ரீட்டாவுக்கு அது மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டு பெண்களையும் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். இந்த முறை திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் வந்து படுக்கும்படி கிளினிக் அட்டையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார் டொக்டரம்மா. "ரெண்டு தரம் வெட்டித் தைச்ச இடம். வலி வரும்வரைக்கும் வச்சிருக்கக் கூடாது, தையல் தாங்காது" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆனால் அதற்கடுத்த ஞாயிறு தலவிலக் கோயிலில் மாதாவைப் பெற்ற அன்னம்மாளின் பெருநாள். கத்தி வைத்துப் பிறக்கும் பிள்ளைக்குத் தானாக வரும் நாள் இல்லை, மனிதர்தான் குறிக்கிறார்கள், குறிப்பதென்றால் நல்ல நாளாகக் குறிப்போமே என்று எங்கள் வீட்டில் ஒரு எண்ணம். திங்கள் அவளைக் கூட்டிப்போகாமல் விட்டேன். பெருநாள் காலையில் கூட்டிப்போய், வலி வந்துவிட்டது என்று பொய் சொன்னால் உடனே வெட்டுவார்கள் என்பது என் திட்டம்.

"அன்னம்மா வெட்டியா பெத்தவ?" என்று ரீட்டா கேட்டாள். "தையலப் பத்தி அவவுக்கு என்ன தெரியும்?"

"ஆறு நாள்தானே."

"ஓம், உங்கட வயித்திலயா ஆறு நாள்?"

நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

சனிக்கிழமை மதியச் சோற்றுக்குப் பிறகு உண்மையாகவே வலி வந்துவிட்டது. எங்கள் ஊர் கண்டக்குழியிலிருந்து புறப்பட்டால் வீதி முழுக்கப் பெருநாள் பஸ்கள், சோதனைச் சாவடியில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோதுதான் அந்தச் சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்து நான்கு விரல் காட்டினான்.

"மூணு பேர் சேர்" என்றார் நஸீர் நானா.

"நாலு. நோனா மடியில சின்ன பபா. மஞ்ச சட்டை" என்று ரீட்டாவைக் காட்டினான் சிப்பாய்.

ரீட்டாவின் மடியில் குழந்தை எதுவும் இல்லை, அவளுடைய கைகள் மட்டும் கிடந்தன.

"வெயில் இவன்ட தலைக்கு ஏறிட்டு. நாலோ நாப்பதோ, எழுதட்டும், நீங்க வாய மூடிக்கிட்டு இரிங்க தம்பி" என்று நஸீர் நானா முணுமுணுத்தார்.

அப்போதுதான் ரீட்டா, "வலி விட்டிட்டு" என்றாள். நான் அன்னம்மாளுக்கு நன்றி சொன்னேன். நம்பினால் நம்புங்கள், சொன்னேன். சிப்பாய் கொப்பியில் எழுதுவதைத் தலைகீழாக வாசித்தேன். நேரம் 2.40, வேன் இலக்கம், ஆட்கள் 4.

மூன்றரைக்கு ஆஸ்பத்திரி. பழைய தையல் உள்ளே பிரிந்திருந்தது. ரீட்டா பிழைத்தாள். பிள்ளை, அதுவும் பெண், பிழைக்கவில்லை. வலி எப்போது சட்டென்று நின்றது என்று டொக்டரம்மா கேட்டார். இரண்டு நாற்பது என்றேன். "அப்பதான் கிழிஞ்சிருக்கு" என்றார்.

பிள்ளைக்குப் போட உடுப்பு இருக்கிறதா என்று தாதி கேட்டாள். ரீட்டா கட்டிவைத்த பையை நான் அதுவரை திறந்ததில்லை. சிப்பாய் அதைக் கிளறியிருப்பான் என்று சொல்வீர்கள். அது வழி முழுக்க என் காலடியில் இருந்தது, யாரும் தொடவில்லை. அடியில், பழைய சீலைத் துண்டுகளுக்குக் கீழே, அவள் கையால் தைத்த மஞ்சள் சட்டை ஒன்று இருந்தது. அதைப் போட்டுத்தான் மறுநாள், பெருநாளன்று, அடக்கம் செய்தேன். ரீட்டா கட்டிலில் இருந்து எழும்ப முடியாததால் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அதே வேனில் திரும்பினோம், அதே மூன்று பேர். சாவடியில் அதே சிப்பாய். பின்சீற்றுக்குள் குனிந்து பார்த்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பபா நித்திரை?"

நான் வாயைத் திறக்குமுன் ரீட்டா, "ஓம், நித்திரை" என்றாள்.

அவன் கொப்பியில் நான்கு என்று எழுதினான்.