தோள் கொடுத்தவர்களின் கஞ்சி

எங்கள் வீட்டில் சுண்டக்கஞ்சிப் பானை வைப்பது வருஷத்தில் ஒரு தடவைதான், அப்பாவுக்குப் படைக்கிற நாளை ஒட்டி. இதை நான் ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்த பையன் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்க்கொள்ளலாம்.

அது சாராயம் அல்ல. முளைகட்டிய கேப்பையைக் காயவைத்து, திருகையில் உடைத்து, ஆறின கேப்பைக் களியோடு கரைத்துப் பானையில் ஊற்றி, வாய்க்குத் துணியால் வேடு கட்டிவிட்டால் அது தானே நுரைத்துப் புளிக்கும். குடித்தவனுக்கு உடம்பு லேசாகும், பேச்சுக் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான்.

பானை இருப்பது அடுப்படி மூலையில், வைக்கோல் திரித்த புரிமணையின் மேல். வைத்தால் வைத்ததுதான். வார்க்கும் நாள்வரை அதை அசைக்கவே கூடாது. அசைத்தால் அடியில் தங்கிய மண்டி கிளம்பிக் கஞ்சி கடுத்துப் போகும், வாயில் வைக்க முடியாது. காலையில் ஆத்தா குனிந்து பானையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்பாள். வயல் நண்டு வளைக்குள் நுரை விடுவது போல உள்ளே மெல்லிய சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அடங்கினால் கஞ்சி தெளிந்துவிட்டது என்று அர்த்தம்.

யாருக்காக இவ்வளவும்? அப்பா ஏலத்தோட்டத்தில் மலைக்காய்ச்சல் கண்டு இறந்தார். அங்கேயே புதைத்துவிடச் சொன்னார் தோட்டத்து முதலாளி. கூட வேலை பார்த்த நான்கு பேர் அதைக் கேட்கவில்லை. கம்பளியில் தூளி கட்டி, கொட்டுகிற மழையில் மலையிறக்கி, தோள் மாற்றித் தோள் மாற்றி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் இது: சுமந்தவர்களுக்கு வருஷா வருஷம் மூத்த மகன் தன் கையால் கஞ்சி வார்த்து, தோளைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அப்போதுதான் அவர்கள் தோளிலிருந்து பாரம் இறங்கும். மகன் வார்க்காத வீட்டில் அவர்கள் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள்.

எங்கள் வம்சத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சி முடித்து வந்ததும் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டிருந்தேன். அதை நடத்தியவர் பஜாரில் பெரிய ஏலக்காய் வியாபாரி. வாத்தியாரின் வீட்டைப் பார்க்காமல் அவர் வேலை கொடுப்பதில்லை. வருவதாக அவர் ஆள் அனுப்பிச் சொன்ன நாள், படைக்கிற நாளாகவே அமைந்துவிட்டது.

தாய்மாமன் பதறிப் போனார். என்னை ஊர் ஊராகக் கூட்டிப் போய்ப் பள்ளியில் சேர்த்தவர் அவர்தான்.

"அக்கா, பானையத் தூக்கி வைக்கோப் படப்புக்குள்ள வச்சிருவோம். அவுக வந்துட்டுப் போகட்டும்."

"தூக்குனா கலங்கிப் போகும்டா."

"கலங்குனா கலங்கட்டும். உன் மகன் பொழப்பு கலங்கிறக் கூடாதுல்ல?"

"களவாண்ட சாமானா அது, படப்புக்குள்ள ஒளிக்க?" என்றாள் ஆத்தா. பிறகு என்னைப் பார்த்தாள். "ஏலே, வார்க்கப் போறவன் நீ. நீ சொல்லு."

எனக்கு வேலை வேண்டும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் சொல்வதற்குள் அந்த நால்வரும் வந்துவிட்டார்கள். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மாமா விஷயத்தை அவர்கள் காதில் போட்டார். அவர்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுக்கென்ன வாத்தியாரே, நாங்க வாய்க்காக்கரையில போயி உக்காந்துக்கிறோம். அவுக வண்டி போனதும் கூப்பிடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் என்னைச் சுட்டது. பானையை ஒளிப்பது வேறு. என் அப்பாவைச் சுமந்தவர்களை ஒளிப்பதா?

"யாரும் எங்கனயும் போக வேணாம். இங்கன உக்காருங்க சித்தப்பு" என்று சொல்லிப் பாயை விரித்தேன்.

ஆத்தா வேடை அவிழ்த்தாள். மேலே தெளிந்திருந்த கஞ்சியை அகப்பையால் மொண்டு, துணியில் வடிகட்டி வெண்கலக் கும்பாவில் ஊற்றினாள். சுட்ட கருவாடும் அவித்த மொச்சையும் இலையில் இருந்தன. இரண்டு பேருக்கு வார்த்துவிட்டு மூன்றாவது கும்பாவைக் கையில் எடுத்தபோது வாசலில் வில்வண்டி நின்றது.

வியாபாரி உள்ளே வந்து மூக்கைச் சுளித்தார். "என்னப்பா வாடை இது?"

"சுண்டக்கஞ்சிங்க. அப்பாவுக்குப் படைக்கிற நாள்."

"இந்தக் கையாலதான் நாளைக்குப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதிக் காட்டப்போறியாக்கும்?"

"இதே கையாலதாங்க."

"கும்பாவக் கீழ வச்சிட்டு வெளிய வா, பேசுவோம்."

"வார்க்கும்போது நடுவுல வைக்கக் கூடாதுங்க. செத்த உக்காருங்க, முடிச்சிட்டு வாரேன்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். ஏற்கெனவே ஒரு கும்பா குடித்திருந்த மூத்தவருக்குப் பேச்சுக் கூடியிருந்தது.

"ஏன் மொதலாளி, எஸ்டேட்டுத் தொரைக்கு வருசம் பொறந்தா ஒங்க கடையிலருந்து சீமைப் பாட்டில் பெட்டியா மலையேறுதே, அது என்ன, இளநியா? போன வருசம் சொமந்தவன் நான்தேன். தோளு இன்னும் வலிக்கி."

வியாபாரியின் முகம் கறுத்துவிட்டது. "படிச்சும் திருந்தலையேடா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"மோராவது குடிச்சிட்டுப் போங்க" என்று ஆத்தா கூப்பிட்டாள். உண்மையாகவே கூப்பிட்டாள். அவர் நிற்கவில்லை.

நான் மூன்றாவது கும்பாவைக் கொடுத்தேன், நான்காவதையும் கொடுத்தேன். ஒவ்வொருவர் தோளையும் தொட்டுக் கும்பிட்டேன். மூட்டை சுமந்து காய்த்துப்போன தோள்கள், தொட்டால் மரப்பட்டை மாதிரி இருந்தன. திருந்துவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. நான் தேனியில் ஒரு பருத்தி மண்டியில் மூட்டை எடை பார்க்கிறேன். மாமா என்னோடு பேச வெகுநாள் ஆயிற்று. பேசத் தொடங்கியதும் புதுச் சேதியோடுதான் வந்தார். மதுவிலக்கு வந்துவிட்டதாம், பானை வைத்தால் போலீஸ் வருமாம்.

வரட்டும். எங்கள் வீட்டு வாசற்கதவு சாத்தியிருக்காது, பானை அதே அடுப்படி மூலையில்தான் இருக்கும். நேற்றே கேப்பையை ஊறப்போட்டாயிற்று.